நிழல் இறங்கிய இடம்

ரெட்டையின் நிழல் ரெட்டைக்கு இருநூற்றுப் பதினேழு நாள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்டுக்கு உள்ளே வந்தவர்கள் பார்த்தபோது, ஹேங்கரின் நடுவே சாரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது வெறும் எலும்புக்கூடுதான். இறக்கை இல்லை, வால் இல்லை, என்ஜின் இரண்டும் எங்கோ கடலில் கப்பலேறி வந்துகொண்டிருந்தன. ஆனால் அதற்கடியில் சிமெண்டுத் தரையில் விழுந்திருந்த நிழலுக்கு இரண்டு இறக்கையும் இருந்தன, வாலும் இருந்தது, முதுகின் இரு பக்கமும் இரண்டு என்ஜின்கள் புடைத்திருந்தன, இறக்கைக்கடியில் குண்டு மாட்டும் கொக்கிகள் எட்டும் ஒன்று குறையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆவரங்குடிப் பொட்டலில் யுத்தகாலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையைச் சுற்றி வேலி அடித்து, விமானப்படைக்காக இரட்டை என்ஜின் தாக்குதல் விமானம் ஒன்றின் முதல் மாதிரியை அந்த நிலையத்தில் ஒன்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். காகிதத்தில் அதற்கு ஒரு மூச்சில் சொல்லமுடியாத பெயரும் அதன் பின்னால் ஒரு நம்பரும் இருந்தன. தலைமை இயக்குநரிலிருந்து தரை கூட்டுகிறவர்வரை எல்லாருக்கும் அது ரெட்டைதான். ஒன்பது வருடம் காகிதத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு ஒரு நிழல் முன்கூட்டி வந்தது பெரிய விஷயமாகப் படவில்லை. முதல் இரண்டு நாள் அதன்மேல் கால் படாமல் சுற்றிப் போனார்கள், மூன்றாம் நாள் வரைபடப் பிரிவினர் சாக்கட்டியோடு வந்து அதன் ஓரமெல்லாம் கோடு இழுத்து அளந்தார்கள், இடது இறக்கை நுனி வரைபடத்தைவிட நாலு விரல் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்து, இரண்டு வாரம் கணக்குப் போட்டு, நிழல்தான் சரி என்று வரைபடத்தைத் திருத்தினார்கள்.

அங்கயற்கண்ணி மட்டும் இறக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து சக்கரங்களின் நிழலைத்தான் பார்த்தாள். மதுரை செல்லூர்க்காரி, வயது நாற்பத்தேழு, அந்த நிலையத்தில் சக்கரப் பிரிவுக்குத் தலைவி. விமானம் ஏறுவதைப் பற்றிக் கவலைப்பட ஆயிரம் பேர் உண்டு, அது இறங்குவதைப் பற்றிக் கவலைப்பட ஒரு ஆளாவது வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே எல்லா மீட்டிங்கிலும் எல்லாருடைய கழுத்தையும் அறுப்பவள். ஒன்றைப் பிடித்தாளானால் விடமாட்டாள். அதனால் அவளை ரொம்பப் பேருக்குப் பிடிக்காது, அதைப் பற்றி அவளுக்கு ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

நாற்பதாவது நாள் நிழல் கதவிடுக்கு வழியாக வெளியே நழுவி ஓடுபாதையில் ஓடிப் பார்த்தது. அதற்கப்புறம் ஒரு நாள் வேலியைத் தாண்டிப் பறந்தும் போய்விட்டது. வாசல் காவலில் இருந்த சுபேதார், பாஸ் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட வெளியே போகக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றதால், அதற்கு முறைப்படி ஒரு பாஸ் எழுதப்பட்டது. பொருள், விமான நிழல். எண்ணிக்கை, ஒன்று. எடை, இல்லை. திரும்பி வரும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆவரங்குடி கண்மாயும் அதன் கரைக்குக் கீழே நூற்றிருபது ஏக்கர் வயலும் இருந்தன. பறக்கிற நாளெல்லாம் ஒன்பதேகால் மணிக்கு அந்த நிழல் வயலுக்கு மேல் வந்தது, மேலே வானத்தில் ஒன்றுமே இருக்காது, தரையில் நிழல் மட்டும் ஓடும். ஊர் அதற்குப் பழகிக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை. வற்றல் காயப்போட்டவர்கள் ஒன்பதேகால் தாண்டிக் காயப்போட்டார்கள், களையெடுத்த பெண்கள் இன்னும் கொஞ்சம் தாழ வந்தாலென்ன என்று அதனோடு சண்டை போட்டார்கள், டவுன் பஸ் ரெட்டைக்கு முன்னா பின்னா என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் சாலைக்கு நடந்தார்கள். தாக்குதல் பழகும் நாட்களில் மட்டும் அது சட்டென்று சுருங்கிக் கருத்துக் கூர்மையாகிக் கீழே பாயும். அப்போது அதற்கடியில் அகப்பட்ட கோழி மூன்று நாள் முட்டையிடாது. அது அதன் வேலை, நம் கோழியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஊர் முடிவு செய்துகொண்டது.

இதற்கிடையில் எலும்புக்கூட்டுக்குத் தசை பிடித்தது. இறக்கை வந்தது, வால் வந்தது, கப்பலில் வந்த என்ஜின்கள் ஏறின. ஒரு நாள் சாரம் சரிந்து வால் நுனி உடைந்தது. நிழலின் வால் நுனி உடைந்து காணப்பட்டது எந்த நாள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். சரியாக இருநூற்றுப் பதினேழு நாளுக்கு முன்னால். அப்படித்தான் அந்தக் கணக்கு பிடிபட்டது. நிழல் இன்று செய்வதை ரெட்டை இருநூற்றுப் பதினேழாம் நாள் செய்யும்.

அங்கயற்கண்ணி தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஆவணி ஐந்தாம் தேதி நிழல் இடது சக்கரத்தை நொண்டிக்கொண்டு திரும்பியதை அவளே எழுதி வைத்திருந்தாள். அப்படியென்றால் பங்குனி பன்னிரண்டில் ரெட்டையின் இடது டயர் வெடிக்கும். அவள் சும்மா இருப்பாளா? மூன்று தடவை டயரை மாற்றினாள், மாற்றியதை உரித்து நூல் நூலாகச் சோதித்தாள், பன்னிரண்டாம் தேதி விமானத்தை ஓட்டவே கூடாது என்று ஹேங்கரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பத்து மணிக்கு, பூட்டிய ஹேங்கருக்குள், நின்ற இடத்திலேயே டயர் வெடித்தது. பக்கக்கதவு வழியாக உள்ளே போய் வேலையாக இருந்த ஒரு ஃபிட்டரின் கன்னத்தில் ஏழு தையல். ஓடுபாதையில் வெடித்திருந்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அதற்கு எட்டாம் நாள், பங்குனி இருபது, நிழலின் நாற்பத்தோராவது பறப்பு. பத்தே முக்கால் மணிக்கு அது திரும்பி வரும்போது வலது என்ஜினின் நிழல் பிய்ந்த துணியைப் போலப் படபடத்தது. ஓடுபாதைக்கு இன்னும் வெகுதூரம் இருக்கும்போதே தாழ்ந்து, அறுவடை முடிந்த வயலில் இழுபட்டு, கண்மாய்க் கரையில் மோதி மூன்று துண்டாகிப் போயிற்று. ஒரு துண்டு கரையைத் தாண்டித் தண்ணீருக்குள் கிடந்தது. கரையோரத்தில் தனியாக ஒரு மனிதனின் சின்ன நிழலும் கிடந்தது. அதன் இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

ரெட்டையை ஓட்டிப் பார்க்க வந்திருந்த விமானி மச்சாடோவுக்கு இடது கைச் சுண்டுவிரல் பாதிதான். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்; சின்ன வயதில் படகுக் கயிற்றில் போன விரல். அவர் நிலையத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்தே வெயிலில் நின்றால் தரையில் எதுவும் விழாது, சிலருக்கு ஒரு காது கேட்காது அல்லவா, அது மாதிரி என்று அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அன்று எல்லாரும் கரைக்கு ஓடிப்போய் அந்தச் சின்ன நிழலைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு யாரையும் பார்க்காமல் திரும்பி நடந்தார்கள். அங்கயற்கண்ணியும் நடந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சக்கரத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை, அவ்வளவு பயம்.

இருபது நாள் நிலையத்தில் மீட்டிங் நடந்தது. இருநூற்றுப் பதினேழாம் நாளான ஐப்பசி இருபதாம் தேதி வேறு விமானி ஏறட்டும் என்றார்கள், யாருமே ஏறவேண்டாம் என்றார்கள். மச்சாடோ கேண்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே அங்கயற்கண்ணியிடம் சொன்னார்: "யக்கா, டயரைப் பூட்டி வச்சிய, உள்ளுக்குள்ள வெடிச்சுது. ரெட்டையைப் பூட்டி வச்சா ஹேங்கருக்குள்ள எரியும், சுத்தி நாப்பது பேரு நிப்பான். வேற ஆள ஏத்துனா, அந்த ஆளு வேற எடத்துல வுழுவான், எங்கன்னு யாருக்குத் தெரியும்? நான் எங்க வுழுவேன்னு எனக்குத் தெரியும்லா."

"குதிச்சிருங்க. சீட்டோட சேர்ந்து வெளிய வந்துருங்க."

"நான் குதிச்சா அது ஊரு மேல போயி வுழும். கடல்ல படகை விட்டுட்டு நீந்தி வந்தவன்னு எங்க வீட்ல யாரும் கெடையாதுக்கா." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பயமாத்தான் இருக்கு. பயமா இல்லன்னு ஒங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

அங்கயற்கண்ணி தன் டீயைத் தொடாமலே எழுந்து போனாள். சக்கரத்தைப் பார்த்தாயா, சக்கரத்தைப் பார்த்தாயா என்று அவளுடைய மனசு அவளையே கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனாள்.

அங்கே நிழலைக் காணவில்லை. நீளமாக ஒரு மண்மேடு இருந்தது, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று, இரண்டின் மேலும் வாடிய அரளிப் பூ. கரையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான் இருளாண்டி. கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிறவன், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று அவன் சொன்னதுதான் சட்டம். மூன்று நாளாகியும் உச்சிவெயிலில்கூட அந்த நிழல்கள் கலையாமல் கிடந்ததைப் பார்த்து, கேட்க ஆளில்லாத பிணத்தின் மேல் எப்படி ஆடு மேய்ப்பது என்று ஊர் கூடிப் பேசி, பால் தெளித்து, மண் மூடி, சொந்தம் இல்லாதவர்களுக்கு மடைக்காரனே சொந்தம் என்று இருளாண்டி மொட்டையடித்து, பதினாறாம் நாள் காரியமும் ஒரு குறை இல்லாமல் செய்து முடித்திருந்தார்கள்.

"மண்ணை எடுக்கணும்ணே" என்றாள் அங்கயற்கண்ணி.

"என்ன தாயி சொல்றீக? பொதைச்சதத் தோண்டுனா ஊருக்கு ஆகாது."

"செத்திருந்தாத்தானே ஆகாது? அந்தச் சின்ன நிழலுக்குச் சொந்தக்காரரு நேத்து என்கூட உக்காந்து டீ குடிச்சாரு."

இருளாண்டி எழுந்து நின்றுவிட்டான். முகம் வெளிறிப்போயிற்று. "உசுரோடயா இருக்காக? ஆத்தாடி, உசுரோட இருக்குற ஆளுக்கா நாங்க காரியம் பண்ணிப்புட்டோம்?" தலையில் கைவைத்துத் திரும்பவும் உட்கார்ந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். "தோண்டிக்கங்க தாயி. ஆனா ஒண்ணு. எங்கூர்ல காரியம் முடிஞ்ச ஆளு திரும்பி வந்தா, பழைய பேர்ல ஊருக்குள்ள காலு வைக்கக்கூடாது. தொட்டில்ல போட்டு, காது குத்தி, புதுப் பேரு வச்சுப் பொறந்த புள்ளையாத்தேன் எடுப்போம். அந்த விமானமும் சரி, அவுகளும் சரி, இங்க வந்துதேன் பொறக்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள், இயக்குநரைக் கேட்காமல், மேலிடத்தைக் கேட்காமல், மச்சாடோவைக்கூடக் கேட்காமல்.

மண்ணை விலக்கினார்கள். அடியில் நிழல் புதுசு குலையாமல் ஈரமாகக் கிடந்தது. அது இழுபட்டு வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கயற்கண்ணி வயலுக்குள் முழங்காலாலேயே பின்னோக்கி நகர்ந்தாள். கரையிலிருந்து சரியாக முந்நூறு மீட்டரில் தடம் முடிந்தது. முதலில் இடது சக்கரம் தொட்ட இடம், ஒரு எட்டு தள்ளி வலது சக்கரம், அப்புறம் மூக்குச் சக்கரம். மூன்று கோடும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஓடின. அவள் அங்கேயே மல்லாந்து படுத்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இருளாண்டிக்குத் தெரியவில்லை.

"விழலண்ணே! ரெட்டை விழவே இல்ல. இறங்கியிருக்கு. ஒத்தை என்ஜின வச்சுக்கிட்டு எவ்ளோ அழகா இறக்கியிருக்காரு பாருங்க. உங்க கரைதான் குறுக்க நின்னிருக்கு."

நடக்கப்போவதை மாற்ற முடியாது என்பது டயரில் தெரிந்துபோயிற்று. நடக்கப்போகிற இடத்தை மாற்றக் கூடாது என்று யார் சொன்னது? கரைக்கு அந்தப் பக்கம் எண்ணூறு மீட்டர் கண்மாய்க்குள் ஒரு நீளமான மேட்டுத்தரை வேண்டும், கரையை வெட்டி அதைச் சுற்றி வளைத்துத் திரும்பக் கட்ட வேண்டும், வயலில் அந்தப் பட்டையில் மட்டும் இந்தப் போகம் நடவு கூடாது. இதுதான் அவள் கேட்டது. ஊர்க்கூட்டத்தில் இருளாண்டி ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை மடைத் தண்ணீர் போகும் என்று விரல் மடக்கினான். அவனும் விடாக்கண்டன்தான்.

"அறநூத்தி இருவது தாரோம் தாயி. அதுக்கு மேல ஒரு எட்டு வச்சாலும் மேலவயக்காரன் வாயில மண்ணு."

"கணக்குப்படி எண்ணூறு வேணும்ணே. இல்லாட்டி நிக்காது."

"கணக்கு ஒங்க கையில, கண்மா எங்க கையில."

அவள் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தாள். நூற்றெண்பது மீட்டர். சரி, அது என் சக்கரத்தின் கடன், நான் தருகிறேன் என்றாள்.

இயக்குநர் வேதமாணிக்கம் நாகர்கோவில்காரர், ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தவர், ஒழுங்காக வீடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாதவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நிழல் இறங்கின இடத்துல மண்ணு போடணும்னு எந்த ஃபைல்ல எழுதச் சொல்லுதிய?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, பேனாவைத் திறந்து, 'ஓடுபாதையின் கிழக்கு முனை வடிகால் பணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்மாய் இழக்கிற தண்ணீருக்கு ஈடாக நிலையத்தின் வேலிக்குள் கருவேல முள் மண்டிக் கிடந்த நிலத்தைத் தோண்டிக் கண்மாயோடு சேர்த்துவிடுவது என்பதையும் அதே வடிகாலில் நுழைத்தார். அந்த மனிதருக்கு அவ்வளவு தைரியம் உண்டென்று அவர் சம்சாரத்துக்கே அதுவரை தெரியாது.

சித்திரை வெயிலில் வேலை தொடங்கியது. நிலையத்தில் ஷிப்டு முடிந்ததும் தகடு சேர்க்கும் ரிவெட் ஆணி அடிப்பவர்களும் வெல்டர்களும் வரைபடக்காரர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள், ஊரிலிருந்து ஆணும் பெண்ணும் கூடையோடு வந்தார்கள், ஒரு பக்கம் பழைய கரையை வெட்ட வெட்ட இன்னொரு பக்கம் புதுக் கரை எழும்பியது, வெட்டிய மண் நடந்து போய்ப் புது இடத்தில் உட்கார்ந்தது, மேட்டில் சரளை கொட்டினார்கள், கொட்டியதை நிலையத்து ரோலரும் ஊர் மாடுகளும் மிதித்து இறுக்கின, வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, மேலே ரெட்டை தன் நிழல் பறந்த பாதையிலேயே ஒவ்வொரு பறப்பாகப் பறந்துகொண்டிருந்தது, கீழே ஒரு நிழலும் ஓடவில்லை, நிமிர்ந்து பார்த்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள், பத்து, பதினொன்று, இருபது, எண்ணிவிட்டுக் குனிந்து அடுத்த கூடையைத் தூக்கினார்கள்.

இருளாண்டியின் பெண்சாதி பேச்சி ஒரு நாள் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள். "இது யார அடிக்கப் போற விமானம் தாயி?"

"எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு அதை இறக்க மட்டுந்தான் தெரியும்."

"ஏத்திவிடுறவுக வேற, எறக்குறவுக வேறயா?"

அங்கயற்கண்ணிக்குச் சுருக்கென்றது. பேச்சியின் கூடையையும் சேர்த்து அவளே சுமந்துகொண்டு போனாள்.

பகலெல்லாம் பட்டறையில் அவள் அந்த நூற்றெண்பது மீட்டரோடு மல்லுக்கு நின்றாள். பிரேக் தட்டுகளை மாற்றினாள், எரிந்தன. திரும்ப மாற்றினாள், இறுகிக்கொண்டன. அகலமான டயர் வைத்துக் காற்றைக் குறைத்தாள், சரளையில் ஓட்டிப் பார்த்தாள், அளந்தாள். நிற்க எழுநூற்றைம்பது மீட்டர் வந்தது. ஆடியில் எழுநூறு. புரட்டாசியில் அறுநூற்று ஐம்பது. அதற்கு மேல் ஒரு அடிகூட இறங்க மாட்டேனென்று அது அடம்பிடித்தது. கடைசியில் சாலையில் நெல்மூட்டை ஏற்றிய வண்டி இறக்கத்தில் வருவதைப் பார்த்தாள். வண்டிக்காரர் மாட்டை ஒரேயடியாக இழுத்துப் பிடிக்காமல், விட்டு விட்டு இழுத்தார். ஐப்பசி பத்தாம் தேதி அவளுடைய பிரேக்கும் விட்டு விட்டுப் பிடித்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு.

ஐப்பசி பதினேழில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்து கண்மாய் புதுக் கரையின் கழுத்துவரை வந்தது. மண் ஆறு மாதக் குழந்தை, உடைந்துவிட்டால் விமானமும் போச்சு, ஊரும் போச்சு என்று இருபதாம் தேதி காலை ஊர் மொத்தமும் நிலையம் மொத்தமும் அந்தக் கரைமேல் ஏறி நின்றுகொண்டது, கனத்துக்குக் கனம் ஆகட்டும் என்று. மழை மட்டும் விட்டிருந்தது. வானம் மூட்டமாகவே இருந்தது. மச்சாடோ ஏறும்போது சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "வாரேன்க்கா" என்றார். போறேன் என்று சொல்லவில்லை.

பத்தே முக்கால். மேற்கே சத்தம் ஒரு பக்கமாகக் கேட்டது. வலது என்ஜின் எரிந்து கரும்புகை விட, ஒற்றை என்ஜினை இழுத்துக்கொண்டு ரெட்டை பனைமட்டத்துக்குத் தாழ்ந்து வந்தது. கரைமேல் ஒருத்தரும் நகரவில்லை. அது நேராகத் தங்களைப் பார்த்து வருகிறது என்று தெரிந்தும் நகரவில்லை. இடது சக்கரம் தொட்டது, ஒரு எட்டு தள்ளி வலது தொட்டது, மூக்கு இறங்கியது. முந்நூறு மீட்டர் ஓடி, பழைய கரை இருந்த இடம் வந்தபோது அங்கயற்கண்ணி கண்ணை மூடவில்லை, மூடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தாள். பழைய கரை இருந்த இடத்தை ரெட்டை வெறும் காற்றைப் போலக் கடந்தது. சரளை தெறித்தது. பிரேக் பிடித்தது, விட்டது, பிடித்தது, விட்டது, பிடித்தது. கரைக்கு எட்டு மீட்டர் முன்னால் நின்றது.

நெருப்பு வண்டிக்காரர்கள் வலது என்ஜினை அணைத்தார்கள். மச்சாடோ இறங்கினார், இரண்டடி நடந்தார், சரளையில் உட்கார்ந்துவிட்டார். அங்கயற்கண்ணி ஓடிப்போய் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கட்டை போடுங்க, சக்கரத்துக்குக் கட்டை போடுங்க" என்று கத்திக்கொண்டே அழுதாள்.

ஊருக்கு அழ நேரமில்லை, வேலை கிடந்தது. இரண்டு பனைக்கு நடுவில் பேச்சியின் கண்டாங்கிச் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, ஆறடி மச்சாடோவை அதில் மடக்கிப் போட்டு மூன்று தடவை ஆட்டினார்கள். பிழைக்காத வீட்டில் பிழைத்த பிள்ளைக்கு எமன் கண்ணுக்குப் படாத பெயராகத்தான் வைப்பது என்பதால் அவருக்குக் குப்பை என்று பெயர் வைத்தார்கள். "நல்ல பேருதான், எங்கம்மா கேட்டாத்தான் அடிப்பா" என்றார் அவர் தொட்டிலுக்குள்ளிருந்து. ரெட்டையைத் தொட்டிலில் போட முடியாது. அதனால் சக்கரத்தடியில் வடத்தைப் போட்டு ஊரே சேர்ந்து முன்னும் பின்னும் மூன்று தடவை அசைத்தது.

பேச்சி பாலும் மஞ்சளுமாக அதன் முன்னால் வந்து நின்றாள். "இதுக்குக் காது எது தாயி?"

அங்கயற்கண்ணி யோசித்தாள். பிறகு அவளை இடது என்ஜினின் வாய்க்குக் கூட்டிக்கொண்டு போனாள். "இதுதான் இவ்ளோ தூரம் சொன்ன பேச்சைக் கேட்டு வந்துச்சு."

பேச்சி அதற்குள் தலையை விட்டு மூன்று தடவை மெதுவாகச் சொன்னாள். "பிச்ச. பிச்ச. பிச்ச." வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கி நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. போகட்டும். பிச்சன்னு பேரு வச்ச புள்ள கை நீட்டும், கை ஓங்காது" என்றாள். அப்படித்தான் இருக்கும் என்று சொல்ல அங்கயற்கண்ணிக்கு ஆசை, ஆனால் எட்டுக் கொக்கிகளும் அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தன. பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காது குத்த வேண்டும் என்றான் இருளாண்டி. அவள் சின்ன டிரில்லை வாங்கி, இடது என்ஜின் வாயின் விளிம்பில், எதற்கும் எதனோடும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் துளை போட்டு, தன் கையாலேயே ஒரு ரிவெட் அடித்தாள். அடித்து முடிக்கவும் மேகம் விலகி வெயில் வரவும் சரியாக இருந்தது. வேதமாணிக்கம்தான் முதலில் பார்த்தார், கையை நீட்டிக் காட்டினார். சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு, சரளைமேல், இன்றைய வெயிலுக்கு இன்றைய அளவில், ஒரு நிழல் கிடந்தது. தொட்டிலிலிருந்து இறங்கி வந்த குப்பைக்கும் காலடியில் ஒன்று இருந்தது, சுண்டுவிரல் பாதியாக. சுபேதார் சட்டைப்பையிலிருந்து மடித்த பாஸை எடுத்து, 'திரும்பி வந்தது' என்று எழுதித் தேதி போட்டார்.

"சரி, எப்ப எடுப்பீக? அந்தப் பட்டையில நடணும், நாத்து முத்துது" என்றான் இருளாண்டி.

பிச்சை என்ற பெயரை மேலிடம் ஏற்கவில்லை. ஆவரங்குடியைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் இல்லை. ஆனால் முதல் மாதிரியை அளந்துதான் மற்றவற்றின் வரைபடங்கள் போடப்பட்டன. அதனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு விமானத்துக்கும் இடது என்ஜின் வாயின் விளிம்பில் அந்த ஒற்றை ரிவெட் உண்டு. எதையும் எதனோடும் இணைக்காத இந்த ரிவெட் எதற்கு, எடுத்துவிடலாமா என்று கேட்டு வரைபடப் பிரிவிலிருந்து அங்கயற்கண்ணிக்கு ஒரு தாள் வந்தது. காரணம் எழுதும் கட்டத்தை அவள் காலியாகவே விட்டாள். குறிப்பு எழுதும் கட்டத்தில், சிவப்பு மையில், அகற்றக் கூடாது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.